மதகை மூடிய சுகிர்தா

எளாவூருக்கு மேற்கே, ஏரித் தண்ணீரில் மின்சாரம் எடுப்பதற்காக அந்தக் காலத்தில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். சுகிர்தாவின் அப்பா அங்கே மதகைத் திறந்து மூடும் ஆள். மின்நிலையத்தை மூடி, இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் குடும்பம் மதகுக்குப் பக்கத்திலிருந்த குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டது. வறண்ட கால்வாயில் இறங்கி ஏறினால் ரோடு. பள்ளிக்கூடத்துக்கும், பிறகு கம்பெனி கேன்டீன் வேலைக்கும் சுகிர்தா அப்படித்தான் போனாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையின் சுவர் எழுந்து அந்தப் பக்கத்து வழியை அடைத்தது. போன வருஷம், தொழிற்பேட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக அதே கால்வாயைத் தூர்வாரி சிமென்ட் பூசினார்கள். பழைய மதகுக்கு எண்ணெய் போட்டுத் திறந்ததும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஓடியது. ரோட்டுக்குப் போக இனி கரையோரத் தடத்தில் இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பாலம் கேட்டு நாலு தடவை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். பதில் வரவில்லை.

ஐப்பசி மழையில் அந்தத் தடமும் சேறானது. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மோனிகாவுக்கு ஒரு மத்தியானம் வலி கண்டது. ஆம்புலன்ஸ் எதிர்க்கரையில் வந்து நின்றது.

"கரை வழியா நடக்கவெச்சிக் கூட்டினு வர முடியுமாம்மா?" டிரைவர் கத்தினார்.

"முழங்கால் வரிக்கும் சேறு கீது. எப்டி நடப்பா?"

சுகிர்தா கடப்பாரையோடு மதகுக்கு ஓடினாள். சக்கரத்தைப் பூட்டியிருந்த சங்கிலியை நெம்பி உடைத்தாள்.

"வாணாம் சுகிர்தா," என்றார் பக்கத்து வீட்டு தணிகைவேல். "தண்ணி நின்னா கம்பெனிங்க நின்னுடும். போலீஸ் கேஸாயிடும்."

"ஆவட்டும். நீ வந்து புடிண்ணே."

இருவரும் சக்கரத்தைச் சுற்றினார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. மோனிகாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் அவளைச் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். தண்ணீரை நிறுத்தியது தப்பு என்று எழுதித் தரச் சொன்னார் கால்வாய் அதிகாரி.

"எழுதித் தர்றேன் சார். பாலம் எப்போ போடுவீங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க."

அவர் வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவளிடம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அந்த வாரமே மதகைச் சுற்றி இரும்புக் கூண்டு வந்தது. பாலம் வரவில்லை.

மூன்றாம் மாதம் மோனிகா ஆரம்பாக்கத்துக்குப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். குழந்தையைச் சுகிர்தா தூக்கிக்கொண்டு கரையில் முன்னே நடந்தாள்.

"நீயும் எங்ககூட வந்துடும்மா," என்றாள் மோனிகா, ரோட்டில் ஆட்டோ ஏறும்போது.

"ஊட்ட காலியா உட்டா அன்னிக்கே கால்வாக்காரனுங்க இடிச்சிடுவானுங்க. எனக்கு வேற எங்க கீது?"

ஆட்டோ போனது. சுகிர்தா கரையில் ஏறித் திரும்பி நடந்தாள்.