சட்டக்கல்லூரிக்கு ஐந்து தடவை

சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சையை முதல் தடவை எழுதியபோது வினாத்தாளின் கடைசித் தாளை நான் திருப்பிப் பார்க்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே வந்ததும், பக்கத்து மேசையில் எழுதிய பெண், "கடைசிப் பக்கத்துக் கட்டுரைக்கு என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள். அப்படியொரு பக்கம் இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு இருபத்திரண்டு வயது. யட்டவத்த பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். நான் மாத்தளை டவுனில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில், அவருடைய அலுவலகத்தில், காணி உறுதிகளைத் தட்டச்சுச் செய்தேன். சிங்களத்தில் எழுதிய காகிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே எங்கள் ஆட்கள் கைநாட்டு வைப்பதைத் தினமும் பார்த்தேன். சட்டம் படிக்கும் வெறி அங்கேதான் பிடித்தது.

இரண்டாவது தடவை நான் மண்டபத்துக்கே போய்ச் சேரவில்லை. பரீட்சை நடந்த கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். தமிழர்கள் அடையாள அட்டையில்லாமல் வீதியில் இறங்கவே முடியாது. புறப்படும் அவசரத்தில் கைப்பையை மாற்றினேன். அட்டை பழைய பையிலேயே தங்கிவிட்டது. சோதனைச் சாவடியில் ஒரு பெண் பொலிஸ் கேட்டபோது பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பேனைகள் நான்கு இருந்தன, பரீட்சை அனுமதி அட்டை இருந்தது, அடையாள அட்டை மட்டும் இல்லை.

"மறந்துட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"இதை யாராவது மறப்பாங்களா?" என்றாள் அவள்.

பரீட்சை நேரம் முழுவதும், அன்றிரவும், பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கந்தோருக்குத் தொலைபேசியில் பேச, நொத்தாரிசு தோட்டத்துக்கு ஆள் அனுப்ப, மறுநாள் அம்மா அட்டையோடும் கிராம சேவகரின் கடிதத்தோடும் வந்து சேர்ந்தார். வெளியே வந்ததும் நடுவீதியில் என் கன்னத்தில் அறைந்தார். "மத்தத மறந்தா பரவால்ல புள்ள. இத மறந்தா நீ வீடு வந்து சேர மாட்ட" என்று சொல்லிவிட்டு அவரே அழுதார்.

மூன்றாவது தடவை எல்லாமே கையில் இருந்தன. ஆனால் உறவுமுறைப் புதிர் ஒன்றில் சிக்கிக்கொண்டேன். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், போக முடியவில்லை. மணி அடித்தபோது பாதி வினாக்கள் வெறுமையாகக் கிடந்தன.

அந்த வருஷமே வேலையும் போனது. ஓர் உறுதியில் வடக்கு எல்லையைத் தெற்கிலும் தெற்கு எல்லையை வடக்கிலும் தட்டியிருந்தேன். "நீங்க கெட்டிக்காரி. ஆனா ஒங்கள நம்ப முடியலையே" என்றார் நொத்தாரிசு. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரீட்சைப் பெறுபேறு வந்ததை அம்மாவிடம் மூன்று வாரம் மறைத்தேன். காலையில் கண் விழிக்கவே வெறுப்பாக இருந்தது. என் தலைக்குள் யாரோ ஒருத்தி இருந்துகொண்டு எல்லாவற்றையும் தட்டிவிடுகிறாள் என்றே நினைத்தேன்.

அடுப்பில் சுடுதண்ணீரை வைத்ததை மறந்து, கை பட்டுக் கவிழ்த்து, மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரே வருஷத்தில் அது மூன்றாவது சூட்டுக்காயம். பழைய மருந்துத் துண்டுகளைப் பார்த்த டாக்டர், "வேணும்னே செய்றீங்களா?" என்று கேட்டார். இல்லை, மறந்துவிடுகிறேன் என்றேன். அவர் கண்டி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்.

கண்டியில் ஒரு பெண் டாக்டர் என் சிறு வயதைப் பற்றியெல்லாம் நெடுநேரம் விசாரித்தார். பிறவியிலேயே உள்ள கவனக் குறைபாடு, சோம்பேறித்தனம் இல்லை என்றார்.

"சொகமாகுமா?" என்று கேட்டார் அம்மா.

"முழுசா போகாது. சமாளிக்கலாம்."

ஆறுதல் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். அதுவரை அடுத்த வருஷம் திருந்திவிடுவேன் என்ற நம்பிக்கையாவது இருந்தது.

மாத்திரை போட்டுக்கொண்டு, வாசிக்கும் வரிக்குக் கீழே கோடு கீறும் அடிமட்டம் வைத்து மற்ற வரிகளை மறைத்து, நான்காவது தடவை எழுதினேன். எல்லா வினாக்களுக்கும் விடை எழுதியிருந்தேன். அப்படியும் இடம் கிடைக்கவில்லை. இந்த முறை சொல்வதற்கு ஒரு காரணம்கூட என்னிடம் இல்லை. இரண்டு நாள் பாயைவிட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் அம்மா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேணாம்னா விட்டுரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"விட்டுட்டு என்னா செய்றது?" என்று கேட்டேன். செய்வதற்கு வேறொன்றும் தெரியாததால்தான் ஐந்தாவது விண்ணப்பத்தை நிரப்பினேன், தைரியத்தால் அல்ல.

அடுத்த வருஷம் அந்தப் பரீட்சையின் முடிவுக் கடிதம் வந்தபோது மூன்று தடவை வாசித்தேன். என் கண்ணை நம்பாமல், தோட்டத்துப் பாலர் பள்ளி டீச்சரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். தெரிவாகியிருந்தேன். அதைக் கேட்ட அம்மா வாசலில் உட்கார்ந்து ஓங்கி அழுதார். லயத்துப் பெண்கள், "யாரு செத்தது?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

நான் அழவில்லை, சிரிக்கவுமில்லை. இனி சட்டக்கல்லூரியில் மூன்று வருஷம், எத்தனை வினாத்தாள் என்று அங்கே நின்றபடியே எண்ணத் தொடங்கியிருந்தேன்.