புகைக்கு டிக்கெட் வாங்காதவர்கள்

கீழக்கரையிலிருந்து காதர் பாயின் மகள் ஆயிஷா கூப்பிட்டபோது நான் காலைச் சாப்பாட்டில் இருந்தேன். "மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "நேத்துக்கூட ஆஸ்பத்திரி வாசல்ல பீடி குடிச்ச ஆள அங்கிட்டுப் போகச் சொல்லிட்டுத்தான் வந்தாங்க" என்று அழுகையோடு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காதர் பாயை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும்.

பரமக்குடிக்கும் கீழக்கரைக்கும் ஓடிய தனியார் பேருந்தில் பதினோரு வருடம் அவர் நடத்துநர், நான் ஓட்டுநர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். படியில் தொங்குகிறவனிடம், "மாப்ள, உள்ள வாங்க, பொண்ணு வீட்டுக்காரக பாக்குறாக" என்பார். மொத்த வண்டியும் சிரிக்கும். அவனும் வெட்கப்பட்டு உள்ளே வந்துவிடுவான். யாராவது பீடியைப் பற்றவைத்தால் மட்டும் குரல் தணிந்துவிடும். பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொல்வார்: "அண்ணே, இவுக ஊருக்குப் போகத்தான் டிக்கெட் வாங்கியிருக்காக. புகைக்கு யாரும் வாங்கல."

இதை நான் தினமும் கேட்டேன். கேட்டுக்கொண்டே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தேன். ஓட்டுநரை யார் கேட்பது?

ஒரு நாள் பரமக்குடியில் ஏறிய நெசவாளி ஒருவர் என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். இளைப்புக்காரர். இரண்டு முறை இருமிவிட்டு, "டிரைவர் தம்பி, கொஞ்சம் அணைச்சிட்டா நல்லாருக்கும்" என்றார். "சன்னலத் தொறந்து வச்சுக்கங்க" என்றேன். சத்திரக்குடி தாண்டியதும் நீளமாக ஒற்றை விசில். அந்த இடத்தில் நிறுத்தமே கிடையாது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. நிறுத்தினேன். காதர் பாய் முன்னால் வந்தார்.

"சன்னல் எல்லாம் தொறந்துதான்ணே கெடக்கு. அவரு மூக்கத்தான் மூட முடியல. நீங்க எறங்கிக் குடிச்சிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்."

கோபத்தில் இறங்கினேன். ரோட்டோரத்தில் வெயிலில் நின்று சிகரெட் பிடித்தேன். சன்னலுக்கு ஒரு தலையாக வண்டி முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நெசவாளி எட்டிப் பார்த்து, "மெதுவாக் குடிங்க தம்பி, அவசரமில்ல" என்றார். கேலியா கரிசனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டி குலுங்கச் சிரித்தது. பாதியில் போட்டு மிதித்துவிட்டு ஏறினேன். காதுமடல் இரண்டும் சுட்டன.

அந்த ஐந்து நிமிடத்தால் ஒரு பயணி ராமநாதபுரத்தில் ரயிலைத் தவறவிட்டார். மறுநாள் புகார் போனது. முதலாளி எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தினால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

"யாரு நிப்பாட்டச் சொன்னது?"

"நான்தான் மொதலாளி விசில் அடிச்சேன். ஒருத்தருக்கு மூச்சு முட்டுச்சு."

எதனால் முட்டியது என்று அவர் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார், நான் மாட்டியிருப்பேன். முதலாளி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தார். காதர் பாய் இரண்டடி பின்னால் போய் வாசற்படியில் நின்றார்.

"எங்கய்யா போற?"

"இங்கனயே நிக்கிறேன் மொதலாளி. அங்கன புகையா இருக்கு. கேளுங்க, பதில் சொல்றேன்."

வேலையே போகப்போகிற நேரத்தில் இப்படியும் ஒரு மனிதன்! எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே வெட்கமும் வந்தது. "மூச்சு முட்டுனது என் சிகரெட்டாலதான் மொதலாளி" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் தன் கையையே பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்து, சிகரெட்டைச் சாம்பல் கிண்ணத்தில் நசுக்கினார். "உள்ள வாய்யா. ரெண்டு பேரும் போயி வண்டிய எடுங்க" என்றார்.

அன்று மாலை வீட்டில் என் மனைவியிடம், "நான் குடிக்கிற புகை ஒனக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நான் சன்னலோரமாப் படுக்குறது காத்துக்குன்னா நெனச்சீக?" என்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் கழித்து நான் கேட்ட கேள்வி அது. மறுநாள் இதைச் சொன்னதும் காதர் பாய், "தங்கச்சி இத்தன வருசம் புகைக்கு டிக்கெட் வாங்காமத்தான் வந்திருக்கு போல" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

உங்கள் வீட்டில் யாரேனும் புகையால் இறந்தார்களா, அதனால்தான் இந்தப் பிடிவாதமா என்று ஒருமுறை கேட்டேன். "அல்லாவே, யாரும் சாகலண்ணே. எங்க வாப்பா சுருட்டுக் குடிச்சுக்கிட்டே தொண்ணூறு வயசு இருந்தாக. எனக்கு அந்த வாடை பிடிக்காது, அம்புட்டுத்தான். வேணாம்னு சொல்றதுக்கு ஒருத்தர் செத்துக் காட்டணுமா?" என்றார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்து, பழைய ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பள்ளிவாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றோம். ஆளுக்கு ஒரு காதர் பாய் கதை. அங்கே எழுந்த சிரிப்பைக் கேட்டுக் கல்யாண வீடு என்று நினைத்து ஆட்டோக்காரர் ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார்.

நான் சிகரெட்டை முழுதாக விடவில்லை. பொய் சொல்ல மாட்டேன். நாளுக்கு இரண்டு இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறக்கும் முன் தலையைத் திருப்பி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். யாராவது இருந்தால் நடக்கிறேன், சில நாள் வெகுதூரம். காதர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பார்வைதான்.