முதலில் எண்ணெய், பிறகு ரசாயனம்

மருந்தியல் முதுகலை ஆய்வில் என்னிடம் நான்கு கூண்டு எலிகள் இருந்தன. முதல் கூண்டுக்கு எதுவும் தரவில்லை. இரண்டாவதற்கு மூளையைக் கெடுக்கும் ரசாயனம் மட்டும். மூன்றாவதற்குக் கருஞ்சீரக எண்ணெய் மட்டும். நான்காவதற்கு முதலில் பல நாள் எண்ணெய், பிறகு ரசாயனம். புதிர்ப்பாதையில் விட்டபோது நான்காம் கூண்டு எலிகளுக்கு வழி ஓரளவு நினைவிருந்தது. இரண்டாம் கூண்டு எலிகள் திருப்பத்தில் நின்று மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தன.

அதே போல் நிற்பதை ஆரணியில் எங்கள் தெருமுனையில் பார்த்தேன். கையில் பால் பாக்கெட்டோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிடும்வரை எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கொதிக்கும் சாயத்தின் ஆவியில் நிற்கிறார். மறதிக்குச் சாயம்தான் காரணமா என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. பட்டறைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்றார் அவர். அப்பாவும் ஒரு வாரம் வீட்டில் இருந்தார். அந்த வாரத்தில்தான் நான் என் ஆய்வைப் பற்றி வீட்டில் பேசினேன். கருஞ்சீரக எண்ணெய் மூளையைக் காக்கிறது என்றேன். கூண்டுகளைப் பற்றிக்கூடச் சொன்னேன். எது முதலில், எது பிறகு என்பதைச் சொல்லவில்லை.

அம்மா அப்பாவுக்குத் தினமும் ஒரு கரண்டி எண்ணெய் கொடுத்தார். அப்பா மறுபடி பட்டறைக்குக் கிளம்பினார்.

"இன்னாங்க, டாக்டரு போவாதன்னாரே?"

"அதான் எண்ணெ குட்ச்சிட்டேனே. எலிக்கே வேல செய்துன்னு எம்பொண்ணு சொல்லிச்சி. எனக்குச் செய்யாதா? நான் எலிய வுட மட்டமா?"

அம்மா சிரித்துவிட்டார். நான் அப்பாவின் பின்னால் போனேன்.

பட்டறையில் மஞ்சள் நூலை அலசிக்கொண்டிருந்தார். சாயத்தில் சேர்த்த ஆசிட் போய்விட்டதா என்று பார்க்க அப்பா ஈர நூலை நாக்கில் தொடுவார். புளித்தால் இன்னும் அலச வேண்டும். அன்றும் தொட்டார்.

"புளிப்பு சுத்தமா போய்ட்ச்சி."

என் பையில் லிட்மஸ் தாள் இருந்தது. நூலைப் பிழிந்து அந்த நீரில் தாளை நனைத்தேன். நீலம் உடனே சிவந்தது; ஆசிட் இன்னும் போகவில்லை.

"காயிதத்துக்கு இன்னாம்மா தெரியும்? நாக்குல வெச்சிப் பாரு."

வைத்தேன். புளிப்பில் பல் கூசியது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் நூலை மறுபடி நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"எலிக்கு எண்ணெய முன்னாடியே குடுத்தேன்பா, ரசாயனத்துக்கு முன்னாடி. கெட்டப்புறம் குடுத்தா இன்னா ஆவும்னு நான் பாக்கவே இல்ல."

"அப்போ நான் ரெண்டாம் கூண்டு."

நான் சிவந்த தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"அதுங்கல்லாம் இப்ப எங்க கீது?"

"உயிரோட இல்லப்பா. மூளைய வெளிய எடுத்தாதான் பாக்க முடியும்."

அவர் அடுப்பை அணைத்தார். நூலைத் தண்ணீரில் போட்டார். இடுப்பில் கட்டியிருந்த ரப்பர் துணியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"நீ அலசு. எத்தினி வாட்டி அலசினேன்னு எனக்கு நெனப்பு இல்ல."

ஆவி வராத தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.