இருபத்தைந்தாவது நாடா

புதிதாக ஒரு பயிற்சிப் போர்விமானத்தை உருவாக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்குமாம். இறக்கைக்கு நூறு பேர், இன்ஜினுக்கு நூறு பேர் என்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஸ்கூல் பை தைக்கும் பேச்சிராஜாவின் பங்களிப்போ, அந்த விமானம் கிளம்புவதற்கு முன் அதிலிருந்து கழற்றப்பட வேண்டியது. இதனால் அவர் பெருமை கடுகளவும் குறையவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

தரையில் நிற்கும் விமானத்தின் சக்கரம், இருக்கை முதலிய இடங்களில் பாதுகாப்புக்காகப் பின்கள் செருகியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நாடா தொங்கும். பறக்குமுன் அகற்றவும் என்று அதில் இங்கிலீஷில் தைத்திருக்கும். ஒன்றை மறந்தாலும் சக்கரம் மடங்காது, ஆபத்தில் விமானியோடு இருக்கை வெளியே பாயாது.

தெற்கே ஒரு தொழிற்சாலையில் அப்படியொரு விமானம் சோதனைக்குத் தயாரானது. சான்பாடாவில் சப்ளை ஏஜென்சி வைத்திருக்கும் அனந்த், இருபத்துநான்கு நாடாக்களுக்குப் பேச்சிராஜாவிடம் ஆர்டர் கொடுத்தார். சரியாக அமைந்தால் அடுத்த விமானங்களுக்கும் இவரே. முன்னால் மாணவர், பின்னால் வாத்தியார் உட்காரும் விமானம் என்று கேட்டதும், அதுவும் நம்ம லைன்தான் என்று பேச்சிராஜா முடிவு செய்தார். மறுநாளே கடைப் பலகையில் 'ஸ்கூல் பைகள்' என்பதற்குக் கீழே 'மற்றும் போர்விமானம்' என்ற வரி சேர்ந்தது.

"எல்லாரும் ப்ளேன்ல மாட்டுததுக்குச் செய்யுதாவ. நீங்க கழட்டுததுக்குச் செய்யுதீய," என்றாள் மனைவி மாரிசெல்வி, நூல் கோத்தபடியே. "பலகைய கொஞ்சம் சின்னதா எழுதிருக்கலாம்."

"கழட்டலன்னா பறக்காதுல்லா. இப்ப யாரு பெரியாளு?"

நாடாக்கள் போய்ச் சேர்ந்தன. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அனந்த் போன் செய்தார்.

"பேச்சிராஜா, எத்தனை நாடா அனுப்பினேள்? இன்னிக்கு ரன்வேல ஸ்பீட் டிரையல். கழட்டி எண்ணினா இருபத்துநாலுதான் இருக்கு. ஸ்டோர் புக்ல இருபத்தஞ்சு. ஒண்ணு ப்ளேன் உள்ளேயே மாட்டிண்டிருக்குன்னு டிரையலை நிறுத்திட்டு, மூணு மணி நேரமா பேனல் பேனலா பிரிச்சிண்டிருக்கா."

"பில்லுல என்ன இருக்கு சார்?"

"இருபத்துநாலு. ஆனா ஸ்டோர்ல ரஷீதா மேடம், ரெண்டு தடவை எண்ணினேன், இருபத்தஞ்சுதான்னு சத்தியம் பண்றா. பாவம், அவாளைப் போட்டு வறுத்தெடுக்கறா."

மாரிசெல்வி ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "பில்லுல உள்ளதையே சொல்லுங்க. ஆர்டர் போயிரும்," என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

பேச்சிராஜா வெளியே எட்டி, பெயின்ட் பளபளப்பு மங்காத பலகையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்தம்மா சொல்லுதது ஏக்தம் பரோபர் சார், ரொம்பச் சரி. இருபத்தஞ்சுதான். ஒண்ணு கொசுறு."



"கொசுறா?" என்றார் அனந்த்.

"ரெண்டு டஜன் வாங்குதாவ. ஒண்ணு சேத்துக் குடுக்காட்டா மரியாதையா இருக்குமா?"

"ஓய், அவா வெண்டைக்காய் வாங்கலை. ஜெட் பண்றா."

அரைமணி நேரத்தில் இருபத்தைந்தாவது நாடா அகப்பட்டது. வந்த அட்டைப் பெட்டியின் மடிப்புக்குள், எந்தப் பின்னிலும் மாட்டப்படாமல், சமர்த்தாகப் படுத்திருந்தது. பிரித்ததையெல்லாம் பூட்ட இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் மாரிசெல்வி அவருக்குச் சாப்பாடு போட்டாள். பேச்சு போடவில்லை.

ஆர்டர் போகவில்லை. உண்மையைச் சொன்ன சப்ளையர் என்று ரஷீதா மேடம் சிபாரிசு செய்தாராம். நாற்பத்தெட்டு நாடாவுக்கான காகிதத்தை அனந்த் நேரிலேயே கொண்டுவந்தார். அதில் புதிதாக ஒரு விதி இருந்தது: சப்ளையர் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எதையும் இலவசமாகவோ வேறு விதமாகவோ அனுப்பக் கூடாது. இதற்காகக் கமிட்டி இருமுறை கூடியதாகத் தகவல்.

"நமக்காவ ரூல் போட்டிருக்கான், பாத்தியா?" என்றார் பேச்சிராஜா. மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் பறப்பை அனந்தின் செல்போனில் பார்த்தார்கள். விமானம் ஓடி, எழும்பி, சக்கரத்தை மடக்கிக்கொண்டது. பேச்சிராஜா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாலிலிருந்து மூக்குவரை தேடினார். சிவப்பாக எங்கும் ஒன்றும் இல்லை.

"நல்ல வேலை," என்று தம்மையே பாராட்டிக்கொண்டார்.

நாற்பத்தெட்டை எடுத்துப்போக அனந்த் வந்தபோது மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினார்கள். நாற்பத்தெட்டேதான். பெட்டியை ஒட்டிய பிறகும் பேச்சிராஜாவின் கை சும்மா இருக்கவில்லை. மேலே தொங்கிய பென்சில் பவுச் ஒன்றைக் கழற்றி அனந்தின் பையில் போட்டார்.

"இது ப்ளேனுக்கு இல்ல சார். உங்களுக்கு."