கால் மட்டும் போதும், அண்ணி

குதிரை பொம்மையை வெட்டி ஒட்டி வேற குதிரையா மாத்துறது எனக்கும் என் தம்பிக்கும் இருந்த பைத்தியம். நான் பல் செட்டு செய்யற லேப்ல வேலை பார்க்கிறவ. அவன் பிள்ளையார்பாளையத்துல பட்டு நெய்யறவன். திருவிழாக் கடையில நாலு காலையும் ஊனிக்கினு நிக்கிற பிளாஸ்டிக் குதிரையை வாங்கி வருவோம். கொதிக்கிற தண்ணியில காலை முக்கி, வளைச்சு, ஓட வைப்போம். குழாய் ஓட்டையை அடைக்கிற பசையைப் பிசைஞ்சு தசை வைப்போம், மூக்கு வைப்போம். பிடரிக்கு அவன் தறியில மிஞ்சின பட்டு நூல். வீட்ல இருக்கிறவங்க தலையில அடிச்சுக்குவாங்க.

நான் சுத்தக்காரி. பல்லுல துளி சொரசொரப்பு இருந்தாலும் நாக்கு அங்கயே போகும், செட்டு லேப்புக்குத் திரும்பி வந்துடும். அந்தப் பழக்கத்துல குதிரையையும் உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ப்பேன். அவன் அவசரக் குடுக்கை. பசையை அழுத்தின இடத்துல கட்டைவிரல் ரேகை அப்படியே கிடக்கும்.

"நீ திருடப் போனா போலீஸுக்கு நாயே வேணாம்டா, உன் குதிரையே காட்டிக்கொடுத்துடும்"னு கிண்டல் பண்ணுவேன்.

"போக்கா, குதிரையே சும்மா இருக்குது, உனக்கென்ன?"ம்பான்.

மஞ்சள் காமாலை முத்திப்போய் பதினோரு நாள்ல போயிட்டான் பாவி. அவன் பொண்டாட்டி ஐயம்பேட்டைக்கு, அவ அம்மா வீட்டுக்கே போயிட்டா. போகும்போது அவன் கடைசியா செஞ்ச செவலைக் குதிரையை மட்டும் கேட்டு எடுத்துக்கினு போனா. நாத்தனார்னு பேரு, அவகிட்ட நான் ஒரு நாள் கூட முகம் கொடுத்துப் பேசினதில்ல.

ஆறு மாசம் கழிச்சு ஷேர் ஆட்டோவுல வந்தா. மடியில துண்டு, துண்டுக்குள்ள குதிரை.

"அலமாரியில இருந்து விழுந்துடுச்சு அண்ணி. முன்னங்கால் உடைஞ்சிடுச்சு. கால் மட்டும் போதும்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். செஞ்சு கொடுன்னு என்கிட்ட அவ கேட்ட முதல் விஷயம் அது. இதையாவது நல்லபடியா செஞ்சு கொடுத்தா, அவன் போனாலும் இவ நம்ம வீட்டுக்கு வந்துக்கினு போயிக்கினு இருப்பான்னு நினைச்சேன். "ஒரு வாரம் பொறுத்து வாம்மா"ன்னேன்.

உள்ள கம்பி கொடுத்து, பசை வெச்சு, காலை முன்னைவிட நல்லா நிக்க வெச்சேன். அதோட விட்டிருக்கணும். கை சும்மா இருக்குமா? பிடரியை ஒதுக்கினா, கழுத்துல அவன் கட்டைவிரல் ரேகை. 'கடைசி வரைக்கும் திருந்தலையேடா'ன்னு சிரிச்சேன். சிரிப்பு அழுகையாயிடுச்சு. அழுதுக்கினே உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு அதைத் தேய்ச்சேன். மேல செவலைப் பெயிண்ட் அடிச்சேன். அதான் சொல்றேனே, பழக்கம்.

சொன்ன மாதிரியே வந்தா. காலைப் பார்க்கவே இல்ல. அவ விரல் நேரா பிடரிக்குக் கீழ போச்சு. மேல தடவினா, கீழ தடவினா. குதிரையைத் திருப்பி அந்தப் பக்கமும் தடவிப் பார்த்தா.

"இங்க அவர் விரல் இருந்துச்சே, அண்ணி? தினம் என் விரலை அதுல வெச்சுப் பார்ப்பேனே."

என் மேல எனக்கே அப்படி ஒரு ஆத்திரம். ஆதார்ல அவன் ரேகை இருக்கும், ரேஷன் கடை மிஷின்ல இருக்கும். யாரைப் போய்க் கேட்கிறது? பரண்ல இருந்த பெட்டியை இறக்கி, அவன் செஞ்ச மத்த குதிரைங்களை எல்லாம் தரையில கொட்டினேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொண்ணா வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தோம். ஒண்ணுல கூட இல்ல. அவன் இருக்கும்போதே, அவனைத் திட்டிக்கினே, எல்லாத்தையும் நானே தேய்ச்சு வெச்சிருக்கேன்.

அவ செவலையை மறுபடியும் துண்டுல சுத்தினா. என்னை ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருக்கலாம்.

"கால் நல்லா இருக்குது, அண்ணி"ன்னு சொல்லிட்டு ஆட்டோ ஏறிப் போயிட்டா.