காயிலுக்கும் கதவுக்கும் நடுவுல

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடற ஆளுங்க. எங்க மாமியாரு மந்திரிக்கறவர் கிட்ட கூட்டிக்கினு போறேன்னாலே எனக்கும் அவங்களுக்கும் சண்டை தான். கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனில சர்க்யூட் போர்டு லைன்ல வேலை எனக்கு, நாள் பூரா சால்டரிங் தான், ஒரு போர்டு வேலை செய்யலன்னா எங்கியோ ஒரு ஜாயின்ட் புடிக்கல, அவ்ளோ தான், அதுல ஆவி வந்து இன்னா பண்ணும்? அப்படிப்பட்ட நான் சொல்றேன், ரமீஜா இன்னிக்கு உயிரோட இருக்கறதுக்கு காரணம் நான் இல்ல. நான் அவள சாவடிக்கத் தான் இருந்தேன். மூஞ்ச அப்படி வச்சுக்காம முழுசா கேளுங்க.

ரமீஜா பழவேற்காட்டுப் பொண்ணு, அங்க பஜார்ல மோட்டாரு, ஃபேனுக்கெல்லாம் செப்புக் கம்பி சுத்தி காயில் கட்டற கடை வச்சிருக்கா. ஒரு தபா எங்க ஊட்டு மோட்டார எடுத்துக்கினு போனப்ப பழக்கம். ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு, செல்லுல வீடியோ பாத்து பாத்து, மின்னல் மாதிரி பொறி வுடற பெரிய காயில் ஒன்னு செய்யணும்னு. முழங்கால் ஒசரம் பைப்புல அவ கம்பி சுத்தினா, அதுக்கு கரண்ட தள்ளி வுடற டிரைவர் சர்க்யூட்டு என் பொறுப்பு. ஊஞ்சல அது ஆடற நேரம் பாத்து தள்ளினா மேல மேல போவுதுல்ல, அந்த மாதிரி காயில் ஆடற வேகத்துக்கே தள்ளணும், ஒரு துளி தப்பினாலும் டிரான்சிஸ்டர் பட்டுனு வெடிச்சிடும். எத்தினி வெடிச்சுதுன்னு எங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாது.

இன்னொன்னு சொல்லிடறேன், இது தெரிஞ்சா தான் மீதி புரியும். அந்தக் காயில் பக்கத்துல மனுஷ ஒடம்பு வந்தா ஆடற வேகம் கொறையும். அந்த வேகத்த காட்டற மீட்டர்ல நம்பர் எறங்கும். இதுல மாயம் ஒன்னும் இல்ல, செஞ்சு பாத்தவங்க யார கேட்டாலும் சொல்லுவாங்க. அதனால நானே ஒரு பாதுகாப்பு வச்சேன், யாராவது தெரியாம கிட்ட வந்து நம்பர் எறங்கினா சர்க்யூட்டு தானா கட் ஆயிடும்.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இரும்பு உருக்கற ஃபர்னஸ் கம்பெனிங்க ஓடாத நாளு, கரண்ட் ஏறி எறங்காது. எங்க ஊடு கவரைப்பேட்டை பக்கம், பின்னாடி ஷீட் போட்ட ஷெட்டு ஒன்னு இருக்கு, அதுல தான் எல்லாம். ஆனா மறுநாள் எங்க கொழுந்தனாரு அதுல கோழித்தீவனம் எறக்கறதா சொல்லிட்டாரு. இன்னிக்கு உட்டா இனிமே இல்ல. காலைல நாஷ்டா கூட துன்னாம உக்காந்தோம், அப்படி ஒரு வெறி.

மொதல்ல, எது தப்பினாலும் கரண்ட் அளவா தான் போவணும்னு ஒரு பல்ப சீரியஸ்ல போட்டு, கொஞ்சமா கரண்ட் குடுத்து பாத்தேன். பல்பு மங்கலா எரிஞ்சுது, அப்படித் தான் எரியணும். ஆனா டக்குனு கட் ஆயிடுச்சு. திரும்ப போட்டேன், திரும்ப கட். மீட்டர பாத்தா நம்பர் எறங்கிக் கெடக்கு, யாரோ காயில் பக்கத்துல நிக்கறா மாதிரி. ரமீஜா காயில விட்டு தள்ளி, மூலைல என் பக்கத்துல ஸ்டூல்ல தான் உக்காந்திருந்தா. இரும்பு கிட்ட இருந்தாலும் நம்பர் மாறும்னு தகரம், சைக்கிளு, இரும்பு பக்கெட்டு எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போட்டோம். அப்பவும் அதே தான்.

சரி, சோதிச்சுடலாம்னு நானே காயில சுத்தி சுத்தி வந்தேன், ரமீஜா மீட்டர படிச்சா. நான் எந்தப் பக்கம் போய் நின்னாலும் நம்பர் இன்னும் எறங்குச்சு. காயிலுக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு எடம், அங்க மட்டும் நான் நின்னா நம்பர் அசையவே இல்ல. ஏற்கெனவே ஒருத்தர் நிக்கற எடத்துல நான் போய் நின்னா மாதிரி. முதுகு சிலுத்துக்கிச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு பயத்த விட கோவம் ஜாஸ்தி. என் சர்க்யூட்டு தான் பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணி, அந்தப் பாதுகாப்பையே தாண்டி ஒரு ஒயர சால்டர் பண்ணேன். இனிமே யார் வந்து நின்னாலும் கட் ஆவாது. சீரியஸ் பல்பையும் கழட்டிட்டேன்.

பண்ணிட்டு வோல்டேஜ் ஏத்தற குமிழ திருப்பறேன், நம்பர் அடியோட எறங்குது. கிட்ட நிக்கறது இல்லீங்க, அந்தக் காயில ஒருத்தர் கட்டிப் புடிச்சா தான் அவ்ளோ எறங்கும். ஆட்டமே செத்துப் போச்சு. கட் ஆவ வழியே இல்லாத சர்க்யூட்டு நின்னுடுச்சு. சனியன்னு திட்டிக்கினே, இத வந்து பாருடின்னு திரும்பறேன், ஸ்டூல்ல ரமீஜா இல்ல. நான் தலைய குனிஞ்சு சால்டர் பண்ணிக்கினு இருந்தப்ப எப்ப எழுந்து போனாளோ.

வெளிய வந்து பாத்தா லுஹர், அதான் மத்தியானத் தொழுகைக்கு, கை கால் கழுவி ஒளு செய்ய போர்வெல் கிட்ட குந்திக்கினு இருக்கா. கை ரெண்டும் ஈரம், இரும்பு பைப்ப புடிச்சுக்கினு கால் கழுவறா. அந்தப் பைப்புல தான் காயிலோட கரண்ட பூமிக்கு எறக்கற எர்த் ஒயர நான் காலைல மாட்டுனேன். அவ கிட்ட சொல்லணும்னு கூட தோணல.

எங்க ஊட்டுக்காரரு அங்க தான் வண்டி கழுவிக்கினு இருந்தாரு. ஒயர பாத்துட்டு சாதாரணமா சொன்னாரு, "இதுல எங்க எர்த்து? கீழ பூரா பிளாஸ்டிக் பைப்பு, மேல இந்தத் துண்டு தான் இரும்பு."

காயில் மட்டும் ஓடியிருந்தா, கரண்ட் பூமிக்குப் போறதுக்கு அங்க வேற வழியே இல்ல. அவ ஒருத்தி தான் வழி. அவள இழுத்துக் கட்டிக்கினு அழுதேன். இன்னாடி பைத்தியம், துணியெல்லாம் ஈரம்னு அவ திட்டுறா. விஷயத்த சொன்னதும் உள்ள போய் தொழுதுட்டு வந்தா.

நீங்க கேக்கப் போறது தெரியும். அவ பைப்ப தொட்டதுனால தான் நம்பர் எறங்கிச்சுன்னு. ரமீஜாவும் அதத் தான் சொன்னா. சரிடி, காலைலேர்ந்து நீ என் பக்கத்துலயே உக்காந்திருந்தியே, அப்ப ஏன் எறங்கிச்சுன்னு கேட்டேன். அவ கடப்பாறைய தேடி எடுத்துக்கினு வந்தா. கடப்பாறை போட்டு குழி தோண்டி, புது இரும்பு ராடு அடிச்சு, உப்பும் கரியும் கொட்டி தண்ணி ஊத்தி நெஜ எர்த் போட்டோம். அவள ஸ்டூல்லயே உக்கார வச்சு மீட்டர பாத்தேன். காலைல எறங்கின அதே நம்பர். நான் சுத்தி வந்து பாத்தா அதே கதவுப் பக்கம்.

அங்க நிறுத்தியிருக்கணும். ஆனா மறுநாள் தீவன மூட்டை வந்துடும், ரமீஜாவும் "போடுடி, பாத்துடலாம்"னு சொல்லிட்டா. குமிழ முழுசா திருப்பினேன்.

ஓடுச்சுங்க. இந்தத் தபா ஒன்னும் தடுக்கல. சாதாரணமா இந்தப் பொறி ஊதா கலர்ல நாலா பக்கமும் வேர் மாதிரி பிரியும். எதையாவது தொட்டா தான் வெள்ளையா, ஒரே கோடா, சடசடன்னு அடிக்கும். எங்களுது மொத்தமும் வெள்ளை. மொத்தமும் கதவுப் பக்கம் போயி, என் தோள் ஒசரத்துல, வெறுங்காத்துல முட்டிக்கினு நின்னுச்சு. அதுக்கு அப்பால ஒன்னும் இல்ல, தொறந்த கதவும் வெயிலும் தான். ரமீஜா என் கைய புடிச்சா, நகம் பதிஞ்சு ரத்தம் வந்துடுச்சு. நான் ஆஃப் பண்ண மறந்து நின்னேன். கொஞ்ச நேரத்துல அந்தக் கோடு கலைஞ்சு, பொறி ஊதாவாகி நாலா பக்கமும் பிரிஞ்சுது. நம்பர் மேல ஏறி சரியான எடத்துல நின்னுடுச்சு.

யாரு அது, எதுக்கு அங்க வந்து நின்னாங்க, எனக்குத் தெரியாது. ரமீஜா அல்லா காப்பாத்துனான்னு சொல்லுவா, அதோட பேச்ச முடிச்சுடுவா. எனக்கு தான் அடங்கல. அவள காப்பாத்த அந்தக் காயில கட்டிப் புடிச்சவங்க மேல நான் முழுக் கரண்ட்டும் வுட்டேன். தள்ளி நில்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல.

இப்ப காயில் ரமீஜா கடை மாடில இருக்கு. ஒவ்வொரு தபாவும் சுவிட்ச போடறதுக்கு முன்னாடி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு கதவுப் பக்கம் பாத்து சொல்றேன், அவ சிரிக்க மாட்டா. சொல்லிட்டு மீட்டர பாத்துக்கினே நிப்பேன். ஒரு தபாவாவது எறங்குமான்னு. அன்னிலேர்ந்து அது எறங்கவே இல்ல.