ரத்தங்குடிப் பாறையில் கட்டிய ஆடு

நான் மிருக ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன். செத்த மாட்டை அறுத்து, எதனால் செத்தது என்று பார்த்த கை இது. பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டோ மூன்றோ, கருங்கல் ஊர்ப் பக்கம் ஆடுகள் வரிசையாகச் செத்தன. கழுத்தில் இரண்டு துளை, தரையில் சொட்டு ரத்தம் கிடையாது. ரத்தங்குடி என்று ஊரில் பெயரே வைத்துவிட்டார்கள். முந்திரி விளைக்கு, அதாவது தோப்புக்கு, மேலே இருக்கும் பாறையில்தான் அது கிடக்கிறதென்று சந்தையில் கேட்டால் வழி சொல்லி அனுப்புவார்கள், வெளியூர்க்காரர்களும் வேடிக்கை பார்க்க வர ஆரம்பித்தார்கள். அப்படித்தான் திருவனந்தபுரத்திலிருந்து கேமராவோடு ஒருவர் வந்தார். பாறையில் ஓர் ஆட்டைக் கட்டிப் போட்டால் வெறிநாயோ காட்டுப்பூனையோ வந்து மாட்டும், ஊர்ப் பயமும் தீரும் என்று நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

ஆடு கேட்டுப் போனது ஞானம்மையிடம். புருஷன் இல்லாதவள், ஐந்து ஆட்டில் நாலை ஏற்கெனவே பறிகொடுத்திருந்தாள்.

“இது ஒண்ணுதான் மிச்சம், சாரே. வயித்துல குட்டி வேற கெடக்கு.”

“நான் பக்கத்துலதானே நிக்கேன், அக்கா. பட்டப்பகல்ல என்ன வரப்போவுது?”

என் முகத்துக்காகத்தான் கயிற்றைக் கொடுத்தாள்.

மதியம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். இருபதடி தள்ளி உட்கார்ந்தோம், கண்ணை எடுக்கவே இல்லை. எதுவும் வரவில்லை. ஆடு அதுபாட்டுக்கு அசைபோட்டபடி நின்றது, நடுவில் ஒரு தடவை தலையைத் திருப்பி என்னையே வெகுநேரம் பார்த்தது. ஐந்து மணிக்கு, போதும் என்று எழுந்துபோய்க் கயிற்றை இழுத்தேன், மரப்பலகை மாதிரி அப்படியே சாய்ந்தது. நாலு காலும் விறைத்திருந்தன. கழுத்தில் இரண்டு துளை. அந்த விறைப்பு வர எத்தனை மணி நேரமாகும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் கட்டும்போதே அது செத்திருக்க வேண்டும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வாய் அசைந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். வயிற்றைக் கீறிப் பார்த்தேன், குட்டியும் குளிர்ந்து கிடந்தது. கேமராக்காரர் அன்றைக்கே பஸ் ஏறிப் போனார், படம் என்ன ஆயிற்றென்று எழுதிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

ஞானம்மையிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“ஆடு ஒங்களப் பாத்துதா, சாரே?”

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. நல்லதாப் போச்சு என்று முனகிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பார்த்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாகிறது, இனிக் கேட்கவும் ஆளில்லை.